பழைய சித்திரக்கதைக்கு விலை வைப்பவர் யார்?

கடந்த 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் 91 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. 1939 ஆம் ஆண்டில் வெளியான 'சூப்பர்மேன்' முதலாவது இதழே அது. வெளிவந்த நாளில் அதன் விலை பத்துச் சதம். வட கலிபோர்னியாவில் காலஞ்சென்ற தமது தாயாரின் வீட்டைத் துப்புரவு செய்த மூன்று சகோதரர்கள், பரணிலிருந்த அட்டைப்பெட்டியொன்றில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் அதனைக் கண்டெடுத்திருந்தனர்.

இத்தகைய செய்திகள் கைத்தொலைபேசிகள் ஊடாகப் பரவும்போது நமது பிரதேசத்திலும் ஒரு கேள்வி எழுகின்றது. ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று தொடக்கம் கல்முனை, மருதமுனை வரையான கரையோர ஊர்களில் நடுத்தர வயதைக் கடந்த தமிழரும் முஸ்லிம்களும் பலர் இரும்புக்கை மாயாவியையும் வேதாளரையும் வாசித்து வளர்ந்தவர்கள். அவர்களுள் சிலரது அலுமாரிகளில் இன்றும் ஒரு கட்டுப் பழைய சித்திரக்கதைகள் இருக்கக்கூடும். 'இவற்றுக்கும் இலட்சங்கள் கிடைக்குமா?' என்பதே அக்கேள்வி.

சுருக்கமான விடை, 'பெரும்பாலும் கிடைக்காது' என்பதாகும். ஆயினும் ஏன் கிடைக்காது என்பதை விளங்கிக்கொள்வது, கிடைக்குமா என்று அறிவதைவிடப் பயனுள்ளது. ஒரு பழைய தாளுக்கு விலை எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஆராய்ந்தால், விலை பிறக்காத காரணத்தினாலேயே நம்மிடமிருந்து அழிந்துகொண்டிருப்பவை எவை என்பதும் தெளிவாகும்.

ஏலத்தின் விதிகள்

ஏலம் நமக்குப் புதியதன்று. கரைவலை இழுக்கப்பட்ட பின்னர் கடற்கரையில் மீன் ஏலம் கூறப்படுவதை இக்கரையோர மக்கள் நன்கறிவர். ஒரே அளவான பாரை மீன் ஒரு நாள் ஒரு விலைக்கும் மறுநாள் அதன் இருமடங்குக்கும் போகும். மீனில் மாற்றமில்லை, அன்று கரைக்கு வந்த வியாபாரிகளின் தொகையிலும் அவர்களது தேவையிலுமே மாற்றம் உண்டு.

இதிலிருந்து பெறப்படும் விதி ஒன்றுண்டு. ஏலத்தில் விலை எவ்வளவு உயரும் என்பது, பொருளை மிகவும் விரும்புபவரைவிட அவருக்கு அடுத்தபடியாக விரும்புபவரிலேயே தங்கியுள்ளது. ஒருவர் பத்து இலட்சம் கொடுக்கத் தயாராக இருந்தாலும், மற்றவர் ஐயாயிரத்துடன் நின்றுவிட்டால் பொருள் ஐயாயிரத்துக்குச் சற்று மேலான தொகையில் கைமாறிவிடும். ஆகவே பெருவிலைக்கு ஓர் ஆர்வலர் போதாது. வசதியும் பிடிவாதமும் உள்ள இருவராவது ஒரே நாளில் ஒரே பொருளுக்காக மோதவேண்டும்.

பொருளின் பயன்பாட்டுக்கும் ஏல விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதையும் நாம் அறிவோம். ஆலயத் திருவிழாவில் பூசிக்கப்பட்ட மாம்பழமொன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் ஏலம் போன செய்திகளை வட பகுதியிலிருந்து பத்திரிகைகள் அவ்வப்போது வெளியிட்டுள்ளன. ஏலம் எடுத்தவர் பழத்தின் சுவைக்காக அத்தொகையைக் கொடுக்கவில்லை. அப்பழம் இருந்த இடமும், அதனைப் பெறுவதனால் கிட்டும் பெருமையும், பலர் முன்னிலையில் அது தமக்குக் கிடைத்தது என்னும் நிறைவுமே அங்கு விலையாக மாறுகின்றன. சித்திரக்கதை ஏலத்திலும் நடப்பது ஏறத்தாழ இதுவே.

செய்திகளில் வரும் தொகையை அப்படியே விற்றவரின் வருமானமாகக் கொள்வதும் தவறு. ஏல நிறுவனங்கள் கூவி முடிந்த விலைக்கு மேலாக, ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை வாங்குபவரிடமிருந்து கட்டணமாக அறவிடுவது வழக்கம். பத்திரிகைகளில் வெளியாகும் தொகை பெரும்பாலும் அக்கட்டணமும் சேர்ந்ததாகும்.

அலட்சியத்தில் பிறந்த அருமை

பெருவிலை பெறும் பழைய சித்திரக்கதைகளுக்கு முதலாவது தகுதி, எஞ்சியிருப்பவை மிகச் சிலவாக இருப்பதாகும். சூப்பர்மேன் என்னும் பாத்திரம் முதன்முதலாகத் தோன்றிய 'அக்ஷன் காமிக்ஸ்' முதலாவது இதழ் 1938 ஆம் ஆண்டு ஜூன் மாத இதழாக வெளிவந்தது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டதாகக் கூறப்படுகின்றது. இன்று எஞ்சியிருப்பவை நூறளவிலேயே இருக்கலாம் என்பது இத்துறையினரின் மதிப்பீடு.

மற்றவை எங்கே போயின? சிறுவர்கள் வாசித்துக் கிழித்தனர். தாய்மார் குப்பையில் இட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர்த் தேவைக்கெனப் பழைய தாள்கள் நாடெங்கும் திரட்டப்பட்டபோது பெருந்தொகையான பிரதிகள் கூழாக்கப்பட்டன. போரின் பின்னர், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்னும் அச்சம் பரவி, 1940களின் இறுதியில் சில ஊர்களில் அவை குவித்து எரிக்கப்பட்டன. 1954 இல் மனநல மருத்துவர் பிரெட்ரிக் வேர்தாம் எழுதிய நூல் அந்த அச்சத்தை மேலும் வளர்த்தது. எவரும் மதிக்காத பொருளாக இருந்தமையே பிற்காலத்தில் அவற்றை அரும்பொருளாக்கியது.

இந்த அளவுகோலை மட்டும் பயன்படுத்தினால், நமது கரையோரத்தில் எஞ்சியுள்ள ஒரு பழைய தமிழ்ச் சித்திரக்கதைக்கு உலகிலேயே உயர்ந்த விலை கிடைக்கவேண்டும். தமிழில் சித்திரக்கதை வாசிப்பைப் பரவலாக்கிய முத்து காமிக்ஸ் 1972 ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் 1984 ஜூலையில் தொடங்கின. இலங்கையிலோ 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே அக்காலப் பிரதிகள் தொடக்கத்திலேயே இங்கு அருகியே இருந்தன. வந்தவையும் கைக்குக் கை மாறி நைந்தன. இறுதியில் கடலைச் சரையாகின.

எஞ்சியவற்றை இயற்கையும் போரும் விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் இரு சமூகத்தவரும் உடுத்த துணியுடன் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிகமான உயிர்களை அம்பாறை மாவட்டத்திலேயே காவுகொண்டது. உயிர்களையே காக்க முடியாத அலையில் புத்தகங்களைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வரவில்லை. 2011 ஜனவரி வெள்ளம் மீண்டும் வீடுகளுக்குள் புகுந்தது. இவையனைத்தையும் தாண்டி ஒரு பிரதி இங்கு எஞ்சியிருக்குமானால் அதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

எனினும் அதற்கு விலை இல்லை. ஆகவே அருமை மட்டும் விலையைத் தருவதில்லை என்பது தெளிவு.

வாங்க விரும்புவோர் யார்?

இரண்டாவது தகுதி, அப்பொருளைத் தேடுவோர் இருப்பதும் அவர்கள் கையில் பணம் இருப்பதும் ஆகும். சேகரிப்புச் சந்தையில் ஒரு பொதுவான போக்கைக் காணலாம். பத்து வயதில் ஒருவரைக் கவர்ந்த பொருளை அவர் ஐம்பது வயதில் விலை கொடுத்து வாங்குகின்றார். பிள்ளைகள் வளர்ந்து, கடன் தீர்ந்து, கையில் சிறிது மிச்சம் காணும் பருவம் அது. அவர் வாங்குவது தாளை மட்டுமன்று; அத்தாளுடன் சேர்ந்திருந்த வீட்டையும் நண்பர்களையும் விடுமுறை நாள்களையும் அவர் மீட்டெடுக்க முனைகின்றார்.

இதன் மறுபக்கம், அத்தலைமுறை மறையும்போது தேவையும் மறைந்துவிடக்கூடும் என்பதாகும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் விரும்பிச் சேகரிக்கப்பட்ட குதிரை வீரர் கதைகள் பலவற்றின் மதிப்பு, அவற்றை இளமையில் வாசித்தோர் மறையத் தொடங்கியதும் தாழ்ந்தது. சூப்பர்மேன், பற்மேன், ஸ்பைடர்மேன் ஆகியவை அவ்விதியிலிருந்து தப்பியமைக்குக் காரணம், அப்பாத்திரங்கள் திரைப்படங்கள் வாயிலாகத் தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டு வருவதாகும். 1939 ஆம் ஆண்டின் வாசகர்கள் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டனர்; ஆயினும் அப்பாத்திரத்தை அறியாத பிள்ளை இல்லை.

பாத்திரம் உயிருடன் இருப்பதனாலேயே 'முதல் தோற்றம்' என்பது சேகரிப்பாளர்களிடையே பெருமதிப்புப் பெறுகின்றது. ஸ்பைடர்மேன் முதலில் தோன்றியது 1962 ஆகஸ்ட் மாதத்து 'அமேசிங் பேன்டசி' 15 ஆவது இதழிலாகும். நின்றுபோகவிருந்த ஒரு சஞ்சிகையின் கடைசி இதழ் அது. விலை 12 சதம். மிக நல்ல நிலையிலிருந்த அதன் பிரதியொன்று 2011 ஆம் ஆண்டில் 11 இலட்சம் டொலருக்கும், அதே தரத்திலிருந்த பிரதி 2021 செப்டெம்பரில் 36 இலட்சம் டொலருக்கும் விற்பனையாயின. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அக்கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியவை திரைப்படங்களின் வீச்சும், பெருந்தொற்றுக் காலத்தில் பணம் படைத்தோர் சேகரிப்புப் பொருள்களை நாடியமையுமே. அந்த அலை தணிந்ததும் பல இதழ்களின் விலைகள் மீண்டும் இறங்கின என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது.

தமிழ்ச் சித்திரக்கதைகளின் நிலை இங்கு வேறுபடுகின்றது. இரும்புக்கை மாயாவி தமிழில் பிறந்தவர் அல்லர். பிரித்தானியாவின் 'வேலியன்ட்' வார இதழில் 1962 இல் தோன்றிய அப்பாத்திரத்துக்கு ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ உருவம் கொடுத்தார். ஆகவே முதல் தோற்றத்தைத் தேடும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பிரித்தானிய இதழையே நாடுவார். தமிழ்ப் பதிப்பைத் தேடுவோர், அதனைத் தமிழில் வாசித்து வளர்ந்தோர் மட்டுமே. தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ள அத்தகையோரிடையே பழைய இதழ்கள் அட்டை விலையைவிடப் பன்மடங்குக்குக் கைமாறுகின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒரு சிறு வட்டம். அதே கதைகள் மறுபதிப்பாக வெளிவந்துள்ளமையால், கதையை மட்டும் மீண்டும் வாசிக்க விரும்புவோர் அவ்வட்டத்திலிருந்து விலகிவிடுகின்றனர்.

நிலையும் தரமும்

மூன்றாவது தகுதி, பிரதியின் நிலையாகும். வாசகருக்குக் கிழிந்த பிரதியும் புதிய பிரதியும் ஒரே கதையையே தருகின்றன. சேகரிப்பாளருக்கோ இரண்டும் வெவ்வேறு பொருள்கள். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சி.ஜி.சி. என்னும் நிறுவனம், சித்திரக்கதைகளைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை தரப் புள்ளியிட்டு, ஒளிபுகும் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து வழங்குகின்றது. முன்னர் குறிப்பிட்ட சூப்பர்மேன் முதலாவது இதழ் பெற்ற புள்ளி 9.0 ஆகும். எண்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மலிவுத் தாளுக்கு அது வியக்கத்தக்க நிலை. ஸ்பைடர்மேனின் அதே 15 ஆவது இதழ் அட்டை கிழிந்து பக்கங்கள் உதிர்ந்த நிலையில் கிடைத்தால், அது மில்லியன்களை நினைத்தும் பார்க்க முடியாது.

இவ்விடத்தில் நமது வாசிப்புப் பண்பாடு சேகரிப்பாளரின் பண்பாட்டுடன் மோதுகின்றது. நம்மவர் புத்தகத்தைக் காப்பதற்காகவே அதனை மாற்றியமைத்தனர். தொடர்கதைகளின் பக்கங்களைச் சஞ்சிகைகளிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டினர். 1950களில் கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இவ்வாறே பல வீடுகளில் தடித்த நூல்களாக வாழ்ந்தது. சித்திரக்கதைகளையும் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து, ஓரங்களை வெட்டி, மட்டை போட்டனர். உரிமையாளரின் பெயரை எழுதினர். வாசிகசாலைகள் முத்திரை குத்தின. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டப்பட்டது. இவை அத்தனையும் அன்பின் அடையாளங்கள். தரமிடுபவரின் கண்ணில் அத்தனையும் குறைகள். கிழிசலை ஒட்டுவதும் மங்கிய நிறத்துக்கு வண்ணம் தீட்டுவதும்கூட அங்கு மதிப்பைக் குறைக்கும்.

காலநிலையும் நமக்குச் சாதகமாக இல்லை. சித்திரக்கதைகள் அச்சான மலிவுத் தாள், தன்னுள்ளே உள்ள அமிலத்தினால் தானாகவே மஞ்சளித்து நொறுங்கும் இயல்புடையது. ஈரமும் வெப்பமும் அதனை விரைவுபடுத்துகின்றன. கலிபோர்னியப் பரணின் குளிர்ச்சி அந்தச் சூப்பர்மேன் பிரதியைக் காத்தது. வடகீழ்ப் பருவமழையும் உப்புக்காற்றும் கறையானும் சேர்ந்த நமது சூழலில் அதே பெட்டி எண்பதாண்டுகள் தாக்குப்பிடித்திருக்காது.

வந்த வழியும் பதிவேடும்

நான்காவது தகுதி, பிரதி வந்த வழி. அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்கர் சேர்ச் என்பவர் பல்லாண்டுகளாக வாங்கி அடுக்கிவைத்திருந்த சித்திரக்கதைகள் 1977 இல் வெளிவந்தன. வறண்ட காலநிலையில் நன்கு பேணப்பட்டிருந்த அத்தொகுதியைச் சேர்ந்த பிரதி என்று நிறுவப்பட்டால், அதே தரத்திலுள்ள வேறு பிரதியைவிட அதற்குக் கூடிய விலை கிடைக்கின்றது. நடிகர் நிக்கலஸ் கேஜிடமிருந்து 2000 ஆம் ஆண்டில் திருடப்பட்ட அக்ஷன் காமிக்ஸ் முதலாவது இதழ், 2011 இல் கலிபோர்னியாவில் ஒரு களஞ்சிய அறையிலிருந்து மீட்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் 21 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விற்பனையானது. திருட்டும் மீட்பும் பொருளின் கதையில் சேர்ந்து அதன் புகழை உயர்த்தின.

ஐந்தாவது தகுதியே ஏனையவற்றை இணைக்கும் கயிறாகும். அது விலைகளின் பதிவேடு. அமெரிக்காவில் ரொபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் 1970 ஆம் ஆண்டில் சித்திரக்கதைகளுக்கான விலைக் கையேட்டை வெளியிடத் தொடங்கினார். எந்த இதழ் எப்போது வந்தது, எது முதற்பதிப்பு, எந்த நிலைக்கு என்ன விலை என்பன அச்சில் வந்தன. பின்னர் ஏல நிறுவனங்களின் பெறுபேறுகள் பகிரங்கமாயின. எந்தத் தரத்தில் எத்தனை பிரதிகள் பரிசோதிக்கப்பட்டுள்ளன என்பதும் கணக்கிடப்பட்டது. இதனால் நேரில் காணாத பொருளுக்கும் தொலைவிலிருந்து பணம் கொடுக்கும் துணிவு பிறந்தது. பெருவிலைகளைத் தாங்கிநிற்பது இந்த நம்பிக்கையே.

தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு ஆர்வலர்கள் தயாரித்த பட்டியல்கள் உண்டு. ஆயினும் பொது ஏலமும் பகிரங்க விலைப்பதிவும் பக்கச்சார்பற்ற தரமிடலும் அமெரிக்காவில் உள்ளதுபோல் வேரூன்றவில்லை. விற்பவர் ஒரு விலையைச் சொல்கின்றார். வாங்குபவர் தமது ஏக்கத்தின் அளவுக்குக் கொடுக்கின்றார். அடுத்து வருபவருக்கு அந்த விலை தெரியாது. இத்தகைய இடத்தில் விலை உருவாகலாம், சந்தை உருவாகாது.

ஏமாற்றும் ஏமாற்றமும்

சித்திரக்கதைகளை முதலீடாகக் கருதுவோர் 1990களின் அனுபவத்தை அறிந்திருத்தல் நன்று. பழைய இதழ்கள் பெருவிலை பெறுவதைக் கண்ட பலர் புதிய இதழ்களைப் பத்து இருபதாக வாங்கிப் பிரிக்காமல் அடுக்கினர். 1991 இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதலாவது இதழின் 80 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாயின. 1992 இல் சூப்பர்மேன் இறப்பதாகச் சித்திரிக்கப்பட்ட இதழ் கறுப்பு உறையில் இடப்பட்டு மில்லியன் கணக்கில் விற்கப்பட்டது. அனைவரும் காத்த பொருள் அருமையாவது எங்ஙனம்? அவ்விதழ்கள் இன்றும் சில டொலருக்குக் கிடைக்கின்றன. அந்தக் குமிழி உடைந்ததில் கடைகள் பல மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியது.

ஏலத்தில் மோசடிகளும் உண்டு. விற்பவரே வேறு பெயரில் அல்லது தமது ஆள்கள் மூலம் விலையை ஏற்றிவிடுவது அவற்றுள் பழமையானது. வாங்கும் எண்ணமின்றி விலையை உயர்த்தி மற்றவரை ஏமாற்றும் இச்செயலை இஸ்லாம் 'நஜ்ஷ்' எனக் குறிப்பிட்டுத் தடைசெய்துள்ளது. புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இத்தடை பதிவாகியுள்ளது. அதேவேளை, ஏலம் தானே தடுக்கப்பட்டதன்று. வறுமையுற்று உதவி கேட்டு வந்த ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூடுதலாகத் தருபவர் யார் என வினவி இரண்டு திர்ஹம்களுக்கு விற்று, அப்பணத்தை அவரிடமே கொடுத்து உழைப்புக்கு வழிகாட்டிய செய்தியை அபூதாவூத் தொகுப்பில் காணலாம். பகிரங்கமும் நேர்மையும் உள்ள ஏலத்துக்கும் சூழ்ச்சியால் ஊதப்பட்ட ஏலத்துக்கும் உள்ள வேறுபாடு, இன்றைய இணைய ஏலங்களுக்கும் பொருந்தும்.

மறுபதிப்பை முதற்பதிப்பெனக் காட்டுவது, வேறு பிரதியின் அட்டையை மாற்றிப் பொருத்துவது, தரமிட்ட பேழையைத் திறந்து தாழ்ந்த பிரதியை உள்ளே வைத்து மூடுவது போன்றனவும் நடந்துள்ளன. 'உங்கள் பழைய புத்தகத்துக்கு இலட்சங்கள் தருகின்றோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்' என்று கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உண்மையில் வாங்க வருபவர் விற்பவரிடம் முற்பணம் கேட்பதில்லை.

விலையும் பெறுமதியும்

இவ்வளவையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அருமை, தேவை, நிலை, வந்த வழி, பதிவு ஆகிய ஐந்தும் ஒருங்கே அமையும்போது மட்டுமே பெருவிலை பிறக்கின்றது. இவற்றுள் எதுவும் படைப்பின் தரத்தைப் பற்றியதன்று. படைத்தவரைப் பற்றியதும் அன்று. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் ஆகிய இரு இளைஞர்களும் 1938 இல் அப்பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். அத்தொகை அடங்கிய காசோலையே 2012 ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்து ஒரு இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அவ்விருவரும் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பணத் தட்டுப்பாட்டிலும் வழக்குகளிலும் கழித்தவர்கள். விலை எப்போதும் பின்னால் வருவது. வரும்போது உரியவர் இருப்பதில்லை.

விலை பிறக்காதவற்றின் கதி இன்னும் பரிதாபமானது. சி. சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகையில் சவாரித் தம்பர் போன்ற பாத்திரங்கள் கேலிச்சித்திரங்களாக வாழ்ந்தன. அவை மொழிபெயர்ப்புகள் அல்ல. இந்த மண்ணில் பிறந்தவை. சேகரிப்பாளரின் மொழியில் சொன்னால் 'முதல் தோற்றம்' இங்கேதான் உண்டு. ஆயினும் அவற்றைத் தேடி ஏல நிறுவனம் எதுவும் வரப்போவதில்லை. கிழக்கிலங்கையின் தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்கள் சொந்தப் பணத்தில் வெளியிட்டுச் சில இதழ்களுடன் நின்றுபோன சிற்றிதழ்கள், பாடசாலை மலர்கள், பள்ளிவாசல், ஆலய விழா மலர்கள் ஆகியவற்றின் நிலையும் இதுவே. அவற்றில் ஒன்றின் எஞ்சிய ஒரே பிரதி, பழைய தாள் வாங்குபவரின் தராசில் கிலோ விலைக்குப் போகக்கூடும். அவருக்கு அது தாள். விற்பவருக்கு இடத்தை அடைக்கும் பொருள்.

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்கள் அழிந்தன. அதனை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கட்டாக, எவரும் தீமூட்டாமலே நிகழும் அழிவு நமது கவனத்துக்கு வருவதில்லை.

விலை இல்லாத பொருளைக் காக்கும் வழி, அதனைப் பதிவுசெய்வதாகும். 2005 ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை எண்ணிம வடிவில் ஆவணப்படுத்திவரும் 'நூலகம்' திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. முஸ்லிம் சமூகத்தின் வெளியீடுகளுக்கென அங்கு தனித் தொகுப்பும் உண்டு. ஒரு புத்தகத்தை நகலெடுத்துப் பகிர்வதனால் மூலப் பிரதியின் மதிப்புக் குறையும் என அஞ்சத் தேவையில்லை. சூப்பர்மேனின் முதற்கதையை எவரும் மறுபதிப்பில் எளிதாக வாசிக்கலாம். மூலப் பிரதியின் விலை அதனால் குறையவில்லை.

நமது வீடுகளில் செய்யக்கூடியவை எளியன. பழைய சஞ்சிகைகளுக்கு ஒட்டுநாடா ஒட்டாது, ஓரம் வெட்டாது, பிளாஸ்டிக் பூச்சுச் செய்யாது அவற்றை உள்ளபடியே விடலாம். சுவரிலும் தரையிலும் படாமல், வெயில் விழாத உலர்ந்த இடத்தில், வெள்ளம் ஏறாத உயரத்தில் வைக்கலாம். எந்தச் சஞ்சிகை, எத்தனையாவது இதழ், எந்த ஆண்டு, எங்கே அச்சானது என்ற நான்கு விபரங்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் காலமானால், அவரது அலுமாரியை ஒழிப்பதற்கு முன்னர் வாசிப்புப் பழக்கமுள்ள ஒருவரை அழைத்துக் காட்டலாம்.

வீட்டுக்கு அப்பால் செய்யவேண்டியவையும் உண்டு. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நூலகமும், பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகளும், ஊர் வாசிகசாலைகளும் இணைந்து ஆலையடிவேம்பு தொடக்கம் மருதமுனை வரை வீடுகளில் எஞ்சியுள்ள பழைய அச்சுப் பிரதிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க முடியும். பொருளை எவரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. எங்கே எது இருக்கின்றது என்று அறிந்தாலே போதும். அக்கணக்கெடுப்பில் தமிழர் வீட்டில் முஸ்லிம் எழுத்தாளரின் சிற்றிதழும், முஸ்லிம் வீட்டில் ஆலயத் திருவிழா மலரும் கிடைப்பின் அதில் வியப்பில்லை. ஒரே கடையில் ஒரே மாயாவியை வாங்கி, மாறி மாறி வாசித்த தலைமுறை அது. அத்தலைமுறையினர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.